கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் மட்டும் போதுமா?

தீபாவளிக்கு முதல் நாள். வீட்டில் வளர்த்த கம்பத்துக் கோழியை அறுத்துச் சுத்தம் செய்கிறார் பாட்டி. குடலைக் கீறியதும் உள்ளே மீ ஹூன் போல வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். “ரெண்டு மாசத்துக்கு முன்னாலதானே பூச்சி மருந்து கொடுத்தோம்?” என்கிறார் தாத்தா.

மருந்து போலியாக இருக்குமோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், நல்ல மருந்து கொடுத்த வீடுகளிலும் இது நடக்கும். காரணம் கோழியின் காலடி மண்ணில் இருக்கிறது.

மாணவர்களே, கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பினாங்குத் தீவின் கிராமங்களில் மேயும் கோழிகளின் உடலில் வாழும் புழுக்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் நடப்பதும் அறிவியல்தான் என்பதற்கு அது ஒரு சான்று.

உள்ளே யார்?

பாட்டி பார்த்தது பெரும்பாலும் உருளைப்புழு. அதன் அறிவியல் பெயர் ‘அஸ்காரிடியா காலி’. பெண் புழு 12 சென்டிமீட்டர் வரை வளரும். கோழியின் சிறுகுடலில் இருந்துகொண்டு, கோழி தின்று செரித்த உணவையே தானும் உண்ணும். கோழி இளைக்கும், கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். புழுக்கள் மிகுந்துவிட்டால் குடலே அடைத்துக்கொள்ளும். இளங்குஞ்சுகள்தாம் அதிகம் பாதிக்கப்படும்.

குடலில் நாடாப்புழுவும் இருக்கலாம். இது கோழியிலிருந்து கோழிக்கு நேரடியாகப் பரவாது. இதன் முட்டையை எறும்போ வண்டோ தின்னும். அந்தப் பூச்சியைக் கோழி கொத்தித் தின்னும். அப்படித்தான் புழு உள்ளே போகிறது.

எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் கதை வேறு. அது ‘ஐமீரியா’ என்ற ஒற்றைச் செல் உயிரியால் வரும் இரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம். இந்த உயிரி புழுவே அல்ல; புழு மருந்து இதை ஒன்றும் செய்யாது.

மண்ணில் ஒரு சேமிப்பு

பெண் உருளைப்புழு இடும் ஆயிரக்கணக்கான முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. அந்த நிமிடமே இன்னொரு கோழி அவற்றை விழுங்கினாலும் ஆபத்தில்லை. முட்டைக்குள் இளம்புழு வளர வெப்பமும் ஈரமும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் சுமார் இரண்டு வாரத்தில் அது தொற்றும் நிலையை அடைந்துவிடும். பினாங்கில் ஆண்டு முழுவதும் வெப்பம் உண்டு. தீபாவளியை ஒட்டிய மாதங்களில் மழையும் கொட்டும். புழு முட்டைக்கு வேறென்ன வேண்டும்?

தடித்த ஓடு இருப்பதால் இம்முட்டைகள் ஈர மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினி தெளித்தாலும் சாகாது. கோழி மண்ணைக் கிளறும்போது இரையோடு உள்ளே போய், 5 முதல் 8 வாரங்களில் வளர்ந்த புழுவாகித் தானும் முட்டையிடத் தொடங்கும்.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம். மருந்து அன்றைக்குக் குடலில் இருந்த புழுக்களைக் கொன்றது. மண்ணில் இருந்தவற்றை அது தொடவில்லை. மறுநாளே கோழி புதிய முட்டைகளை விழுங்கியிருக்கும். இரண்டு மாதத்தில் புதிய தலைமுறை தயார்!

மருந்து எப்படி வேலை செய்கிறது?

பைப்பரசின் புழுவின் தசைகளைத் தளரச் செய்கிறது. லெவமிசோல் அதற்கு நேர்மாறாகத் தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டிலும் விளைவு ஒன்றே: குடலில் நிலைத்து நிற்க முடியாத புழு, எச்சத்தோடு வெளியே தள்ளப்படுகிறது. ஃபென்பென்டசோல் வேறு வழியில் தாக்குகிறது. புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் உருவாவதைத் தடுக்கிறது. சத்தை உறிஞ்ச முடியாமல் புழு மெல்லச் சாகிறது.

நாடாப்புழுவுக்குப் பைப்பரசின் பயன்படாது. பிராசிகுவான்டல் போன்ற மருந்து வேண்டும். இரத்தக் கழிச்சலுக்குத் தரப்படும் ஆம்புரோலியம், வைட்டமின் பி1 போலவே தோற்றம் கொண்டது. ஐமீரியா உயிரி அதை வைட்டமின் என்று ஏமாந்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும்.

ஆகவே, எதிரி யார் என்று தெரியாமல் மருந்து கொடுப்பது வீண். ஆய்வகத்தில் இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. எச்சத்தை உப்பு கரைத்த அடர்த்தியான நீரில் கலக்குவார்கள். அந்நீரைவிட அடர்த்தி குறைந்த புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் புழு, எவ்வளவு என்று எண்ணிவிடலாம். நீங்கள் பள்ளியில் படித்த அடர்த்திப் பாடம்தான் இது.

அரைகுறை மருந்தின் ஆபத்து

மனிதர்களுக்கான பூச்சி மாத்திரையை உடைத்து, கண் அளவாகக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அளவு குறைந்தால் வலுவான புழுக்கள் பிழைத்து, மருந்துக்கு அடங்காத சந்ததியைப் பெருக்கும். மலேசியாவில் ஆடுகளின் வயிற்றுப் புழுக்களிடம் இந்த எதிர்ப்புத் திறன் 1990களிலேயே கண்டறியப்பட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தின் எச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் சில நாள் தங்கும். மருந்து உறையில் குறிப்பிட்ட நாள்கள் முடியும்வரை அவற்றை உண்ணக்கூடாது.

பப்பாளிப் பால் உதவுமா? அதிலுள்ள நொதிகள் புழுவின் மேற்தோலைச் சிதைப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஆனால், கைப்பிடி பப்பாளி விதையில் எவ்வளவு நொதி இருக்கும் என்று நம்மால் அளக்க முடியாது. அதை மருந்துக்கு மாற்றாக நம்பக்கூடாது.

என்ன செய்யலாம்?

• கோழியை எடைபோட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

• மருந்து கொடுத்த சில நாள்கள் கோழிகளைக் கூண்டிலேயே வைத்திருங்கள். எச்சத்தைத் திரட்டி அகற்றுங்கள். வெளியேறும் புழுவும் முட்டையும் மீண்டும் மண்ணைச் சேராது.

• தீவனத்தையும் தண்ணீரையும் தரையில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள்.

• கூண்டுத் தரையை உலர்வாக வையுங்கள். வெயிலும் வறட்சியும் புழு முட்டையின் எதிரிகள்.

• இடமிருந்தால் மேய்ச்சல் நிலத்தை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி விடுங்கள்.

• குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு சேர்க்காமல் தனியே வளருங்கள்.

கோழியின் உருளைப்புழு மனிதர்களைத் தொற்றாது. ஆனாலும் எச்சத்தில் வேறு கிருமிகள் இருக்கலாம். கூண்டைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள். இன்று பள்ளி விட்டு வந்ததும் உங்கள் வீட்டுக் கூண்டின் தரையைப் பாருங்கள். ஈரமாக இருந்தால், முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.