ஒரு பைட்டை நகர்த்த எத்தனை துடிப்பு?

கணினி நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் தகவலை அப்படியே இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது, எல்லா மென்பொருள்களும் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலை. திரையில் படம் நகர்வதற்கும், கோப்பு திறப்பதற்கும், இணையத்திலிருந்து வந்த தரவு உரிய இடத்தில் போய்ச் சேர்வதற்கும் அடியில் நடப்பது இதுதான். சி மொழியில் நிரல் எழுதுபவர் 'மெம்காப்பி' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்த ஒரு வரிக்குப் பின்னால், பெரும்பாலும் அசெம்பிளி மொழியில் கையால் எழுதிய ஒரு துணைநிரல் இருக்கும். ப்ராசஸரின் கட்டளைகளை இடையில் வேறெதுவும் இல்லாமல் ஒவ்வொன்றாக எழுதும் மொழி அது.

எவ்வளவு சிக்கனம் சாத்தியம் என்று பார்க்கப் பழைய ப்ராசஸரே வசதி. புதியவற்றில் ஒரு கட்டளைக்கு இத்தனை நேரம் என்று அறுதியிட முடியாது. ஸைலாக் நிறுவனம் 1976இல் வெளியிட்ட இசட்-80இல் முடியும். எந்தக் கட்டளைக்கு எத்தனை கடிகாரத் துடிப்பு என்பது அதன் கையேட்டிலேயே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் போதும். 1982இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி இந்த ப்ராசஸரில்தான் ஓடியது. வேகம் விநாடிக்கு 35 லட்சம் துடிப்பு. ஒரு முழுத் திரைப் படத்துக்கு 6,912 பைட். திரை விநாடிக்கு சுமார் 50 முறை புதுப்பிக்கப்படும் என்பதால், ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ப்ராசஸருக்குக் கிடைப்பது 69,888 துடிப்பு. விளையாட்டு எழுதியவர்கள் படத்தை நினைவகத்தின் வேறொரு மூலையில் வரைந்து முடித்து, பிறகு ஒரே மூச்சில் திரைக்கு நகலெடுக்க விரும்பினார்கள். அப்போதுதான் பாதி வரைந்த படம் பார்ப்பவர் கண்ணில் படாது.

நகலெடுக்க நேர்வழி இது: மூல முகவரியிலிருந்து ஒரு பைட்டை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடமான ரிஜிஸ்டருக்கு எடுக்க வேண்டும்; அதைச் சேருமிட முகவரியில் வைக்க வேண்டும்; இரண்டு முகவரிகளிலும் ஒன்று கூட்ட வேண்டும்; எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அது பூஜ்யமாகிவிட்டதா என்று பார்த்து, ஆகவில்லை என்றால் மறுபடி தொடக்கத்துக்குத் தாவ வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒரு சுற்றுக்கு 50 துடிப்பு ஆகிறது. அதில் பைட்டை எடுக்க 7, வைக்க 7. ஆக, உண்மையான வேலைக்குப் போவது 14தான். மிச்சம் 36 துடிப்பும் முகவரிக் கணக்குக்கும் எண்ணிக்கைக்கும் தாவலுக்கும் போய்விடுகிறது. இந்த வீதத்தில் ஒரு திரையை நகலெடுக்க 3,45,600 துடிப்பு, அதாவது கிட்டத்தட்ட ஐந்து புதுப்பிப்புகளின் நேரம் பிடிக்கும். இசட்-80 நிரலாளர்களின் உத்திகள் எல்லாம் அந்த 36இல் எவ்வளவைக் குறைக்கலாம் என்பதைப் பற்றியவைதான்.

ப்ராசஸரை வடிவமைத்தவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். எல்.டி.ஐ.ஆர். என்ற ஒரே கட்டளை, பைட்டை நகர்த்தி, முகவரிகளை ஏற்றி, எண்ணிக்கையைக் குறைத்து, முடியும்வரை தானே திரும்பத் திரும்ப ஓடும். பைட்டுக்கு 21 துடிப்பு. செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் 'தானே ஓடும்' என்பதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பைட்டுக்குப் பிறகும் ப்ராசஸர் ஓர் அடி பின்வாங்கி, அதே கட்டளையை நினைவகத்திலிருந்து மறுபடியும் வாசிக்கிறது. அந்தப் பின்வாங்கலுக்கு மட்டும் 5 துடிப்பு. திரும்ப ஓடாத சகோதரக் கட்டளையான எல்.டி.ஐ.க்கு 16 துடிப்புதான். ஆகவே எல்.டி.ஐ. கட்டளையைப் பதினாறு முறை அடுத்தடுத்து எழுதி, கடைசியில் மட்டும் ஒரு தாவலை வைத்தால், அந்தத் தாவலின் செலவு பதினாறு பைட்டுக்கும் பங்காகிவிடும். லூப்பைப் பிரித்து நீட்டுவது என்று சொல்லும் இந்த முறையில் நிரல் நீளும், நேரம் சுருங்கும். 16 கிலோபைட், 48 கிலோபைட் நினைவகத்தோடு வந்த கணினியில் நிரலின் நீளமும் பணம்தான் என்பதால், எவ்வளவு நீட்டுவது என்பதே ஒரு பேரம்.

இதற்கும் மேலே போனவர்கள் ஸ்டாக்கைக் கையிலெடுத்தார்கள். ஒரு துணைநிரல் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியைக் குறித்துவைக்க ப்ராசஸர் பயன்படுத்தும் நினைவகப் பகுதி அது. அதிலிருந்து எடுக்கும் 'பாப்' கட்டளை 10 துடிப்பிலும், அதில் வைக்கும் 'புஷ்' கட்டளை 11 துடிப்பிலும் இரண்டிரண்டு பைட்டைக் கையாளும். முகவரியையும் தாமே நகர்த்திக்கொள்ளும். கணக்குப் பார்த்தால் பைட்டுக்குப் பத்தரை துடிப்பு. ஸ்டாக் சுட்டியை முதலில் மூலப் படத்தின் பக்கம் திருப்பி, இருக்கிற ரிஜிஸ்டர்கள் நிறையும்வரை 'பாப்' செய்ய வேண்டும். பிறகு சுட்டியைத் திரையின் பக்கம் திருப்பி, எதிர் வரிசையில் 'புஷ்' செய்ய வேண்டும். சுட்டியைத் திருப்பும் செலவைச் சேர்த்தாலும் பைட்டுக்கு 16ஐ எட்டாது. ஆபத்தும் உண்டு. ஸ்பெக்ட்ரமில் விநாடிக்கு 50 முறை, நடக்கும் வேலையை நிறுத்தி வேறொரு துணைநிரலை ஓடவைக்கும் ஒரு குறுக்கீடு வரும். அப்போது ப்ராசஸர் திரும்பும் முகவரியை, ஸ்டாக் சுட்டி காட்டும் இடத்தில் எழுதிவிடும். சுட்டி அந்த நேரம் படத்தின் நடுவே நின்றால் படம் கெடும். எனவே நகலெடுத்து முடியும்வரை குறுக்கீட்டை நிறுத்திவைக்க வேண்டும். ப்ராசஸரின் மிக அடிப்படையான ஏற்பாடு ஒன்றைப் பிடுங்கி வேறு வேலைக்கு வைக்கும் இந்தத் துணிச்சலுக்காகக் குறுக்கீட்டை நிறுத்த, இன்றைய இயங்குதளங்கள் சாதாரண நிரல்களை அனுமதிக்காது.

வேகம் இருக்கட்டும், நகல் சரியாக வர வேண்டுமே. மூலமும் சேருமிடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பது முக்கியமாகிவிடும். பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை ஆளுக்கு ஓர் இலை வலப்பக்கம் தள்ளி உட்காரச் சொன்னால், வலக்கோடியில் இருப்பவர்தான் முதலில் எழ வேண்டும். நினைவகத்திலும் அப்படியே: மேல் முகவரிக்கு நகர்த்தும்போது கடைசி பைட்டிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். இசட்-80இல் அதற்கென்றே எல்.டி.டி.ஆர். கட்டளை உண்டு. ஓரிடம் தள்ளும்போது தவறான முனையில் தொடங்கினால் முதல் பைட்டே தொகுதி முழுக்கப் பரவிவிடும். இந்தப் பிழையையே உபாயமாக்கியவர்களும் உண்டு. முதல் இடத்தில் பூஜ்யத்தை வைத்து, அதை அடுத்த இடத்துக்கு நகலெடுக்கச் சொல்லி எல்.டி.ஐ.ஆர்.ஐ ஓடவிட்டால், திரை முழுவதும் துடைக்கப்பட்டுவிடும்.

சி மொழி இதற்காகவே இரண்டு துணைநிரல்களை வைத்திருக்கிறது. படிந்திருக்கும் தொகுதிகளுக்கு 'மெம்மூவ்'. படியவே படியாது என்ற உறுதி இருந்தால் மட்டும் 'மெம்காப்பி'. இந்த வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்தவில்லை என்பது 2010இல் தெரியவந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, சில ப்ராசஸர்களுக்கு வேகமான புதிய மெம்காப்பியைக் கொண்டுவந்தது; சில சூழல்களில் அது பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பைப் பயன்படுத்தியவர்களின் கணினியில் அடோபியின் ஃப்ளாஷ் பிளேயர் ஒலியைச் சிதைக்கத் தொடங்கியது. படியும் தொகுதிகளுக்கு அது மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. பழைய நூலகத்தில் அது தற்செயலாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி பிழை ஃப்ளாஷுடையது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை நூலகம் உடைக்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதாடினார். கடைசியில் ஜிலிப்சியின் 2.14 பதிப்பு, பழைய மென்பொருள்கள் மெம்காப்பியை அழைத்தால் மெம்மூவையே கொடுக்கும்படி ஏற்பாடு செய்தது. நியாயம் இருபக்கமும் இருந்த வழக்கில் இது நல்ல தீர்ப்பு.

இன்டெல் வழியில் வந்த ப்ராசஸர்களிலும் நகலெடுக்கத் தனிக் கட்டளை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1978இல் வந்த 8086இல் 'மூவ்ஸ்' கட்டளைக்கு முன்னால் 'ரெப்' என்று சேர்த்தால், சொன்ன எண்ணிக்கை முடியும்வரை அது ஓடும். பின்னாளில் ரிஜிஸ்டர்கள் அகலமாகின. ஒரே கட்டளையில் 16 பைட், ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு வந்தபின் 32, அதன் பிந்தைய வடிவமொன்றில் 64 என்று அள்ள முடிந்தது. அதனால் நெடுங்காலம் 'ரெப்'பை ஒதுக்கிவிட்டு அகல ரிஜிஸ்டர்களைக் கொண்டு நீட்டிய லூப்புகளையே எழுதினார்கள்.

ஆனால் இன்றைய கணினியில் கட்டளைகளை எண்ணிப் பயனில்லை. ப்ராசஸருக்கு மிக அருகில் இருக்கும் கேஷ் நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வர நாலைந்து துடிப்பு போதும். முதன்மை நினைவகத்திலிருந்து வர நூற்றுக்கணக்கில் ஆகும். கேஷ் பைட் பைட்டாக இயங்குவதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட வரிகளாக இயங்குகிறது. ஒரு வரியில் எழுத வேண்டுமானால் முதலில் அந்த வரியை முதன்மை நினைவகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். நகலெடுக்கும்போது இது வீண் செலவு. கொண்டுவருவதையெல்லாம் அழித்துத்தான் எழுதப்போகிறோம். ஆகவே ஒரு மெகாபைட் நகலெடுக்க மூன்று மெகாபைட் போக்குவரத்து நடக்கிறது: மூலத்தை வாசிக்க ஒன்று, சேருமிடத்தை வீணாக வாசிக்க ஒன்று, எழுத ஒன்று. கேஷைத் தொடாமல் நேரே நினைவகத்துக்கு எழுதும் கட்டளைகள் நடுவில் இருக்கும் ஒன்றை ஒழிக்கின்றன. அவற்றைக் கேஷை நிறைத்துவிடும் அளவுக்குப் பெரிய தொகுதிகளுக்கே பயன்படுத்த வேண்டும். சின்னத் தொகுதியில் பயன்படுத்தினால், அடுத்த கணமே தேவைப்படும் தகவலைத் தொலைவில் கொண்டுபோய் வைத்தது போல் ஆகும்.

உண்மையில் பெரும்பாலான நகல்கள் சின்னவைதான்: ஒரு பெயர், ஒரு எண், ஒரு சிறு பட்டியல். அங்கே செலவு பைட்டை நகர்த்துவதில் இல்லை. எத்தனை பைட் என்று முடிவுசெய்வதில் இருக்கிறது. 16இலிருந்து 32 பைட் வரை இருக்கும் தொகுதிக்கு ஓர் அழகான வழி உண்டு. முதல் 16 பைட்டை ஒரு ரிஜிஸ்டரிலும், கடைசி 16 பைட்டை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டையும் அதனதன் இடத்தில் எழுதிவிடுவார்கள். தொகுதி 23 பைட் என்றால் நடுவில் 9 பைட் இரண்டு முறை எழுதப்படும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. மிச்சத்தை ஒவ்வொரு பைட்டாக எண்ணும் லூப்பே தேவைப்படாது. எழுதுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிடுவதால், தொகுதிகள் படிந்திருந்தாலும் நகல் சரியாகவே வரும்.

இதற்கிடையே வன்பொருளும் பழைய பாதைக்குத் திரும்பியது. 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர்களில் இன்டெல் 'ரெப் மூவ்ஸ்' கட்டளையை மறுபடி வேகமாக்கியது. ஐஸ் லேக் தலைமுறையில் சிறு தொகுதிகளுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. ஆர்ம் நிறுவனமும் நகலெடுப்பதற்கென்றே மூன்று கட்டளைகள் கொண்ட ஒரு தொகுப்பைத் தன் கட்டமைப்பில் சேர்த்திருக்கிறது. எந்த ப்ராசஸரில் எந்த வழி நல்லது என்பதை, மென்பொருள் ஓடத் தொடங்கும்போது ஜிலிப்சியே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. எனவே மேசைக் கணினிக்குச் சொந்தமாக நகலெடுக்கும் துணைநிரல் எழுத நினைப்பவர், எழுதியதை நூலகத்தில் இருப்பதோடு வெவ்வேறு அளவுகளிலும் வெவ்வேறு தொடக்க முகவரிகளிலும் ஓடவிட்டு நேரம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நூலகமே முந்தும். கையால் எழுதியது இன்றும் முந்தக்கூடிய இடம், கேஷே இல்லாத சின்ன மைக்ரோகன்ட்ரோலர்கள். அங்கே இப்போதும் கையேட்டைத் திறந்து துடிப்புகளை எண்ணலாம்.