மருந்துக்குப் பங்கசு பணியுமா?



மலைநாட்டவராகிய நமக்குப் பங்கசு புதிய விருந்தாளி அன்று. 1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சட் பொடியாகத் தோன்றிய துருநோய், சில பத்தாண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையையே வீழ்த்திவிட்டது. அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று தேயிலை பசுமை விரித்து நிற்பதற்கு அந்தப் பங்கசும் ஒரு காரணம். அது மனிதரை அண்டாது. ஆயினும் அதன் பரந்த குலத்தைச் சேர்ந்த வேறு சில, நம் தோலிலும் நகத்திலும், சில வேளைகளில் இரத்தத்திலுமே குடியேறுகின்றன.

நனைந்த உடையோடு நாள் முழுதும் கொழுந்து பறிப்போருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை தோன்றுவது தோட்டங்களிற் பலரும் கண்டதே. கடையிற் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். பத்து நாளில் அரிப்பு அடங்குகிறது. அடுத்த மழையோடு படை மீண்டும் வட்டமிடுகிறது. மருந்தைப் போதிய நாள் பூசாது நிறுத்தியதாலா? லயத்தில் வேறொருவரிடமிருந்து மறுபடியும் தொற்றியதாலா? அல்லது பங்கசே மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டதா? முதலிரண்டு வினாக்களுக்கும் நோயாளியை விசாரித்து விடை காணலாம். மூன்றாவதற்கு விடை தரவல்லது ஆய்வுகூடம் ஒன்றே.

பங்கசை ஒழிக்கும் மருந்துகள் சிலவே. பற்றீரியாவைக் கொல்லும் பெனிசிலின் பங்கசை ஒன்றுஞ் செய்யாது. பெனிசிலினே ஒரு பங்கசு ஈன்ற பொருளன்றோ! மேலும், பங்கசின் கலம் அமைப்பிலே நம் கலத்துக்கு நெருங்கிய உறவு. பங்கசைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நம்மையும் வருத்தும். நமது கல மென்சவ்விற் கொலஸ்தரோல் இருக்கும் இடத்தில் பங்கசுக்கு எர்கொஸ்தரோல் என்னும் பொருள் இருக்கின்றது. இந்தச் சிறு வேற்றுமையைப் பற்றிக்கொண்டே இன்றைய மருந்துகளிற் பல தொழிற்படுகின்றன.

அவற்றுள் ஒன்றான நிஸ்ரற்றின் கிடைத்த கதை சுவையானது. நியூயோர்க் நகரில் இருந்த எலிசபெத் ஹேசன் அம்மையார், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, அவை பங்கசை அடக்குகின்றனவா என்று பார்த்தார். அடக்கியவற்றை ஓல்பனி நகரில் இருந்த ரேச்சல் பிரவுண் அம்மையாருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் அவற்றிலிருந்து செயற்படும் பொருளைப் பிரித்தெடுத்துத் திரும்பத் தபாலில் அனுப்புவார். மருந்தின் கண்டுபிடிப்பை 1950இல் அறிவித்தார்கள்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். கலைத்துறையிற் பயின்ற எனக்கே விளங்குமளவுக்கு அதன் தத்துவம் எளியது. 12 நிரல்களாக 96 சிறு குழிகள் கொண்ட, உள்ளங்கை அளவான தட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளியிடமிருந்து பெற்று வளர்த்த கண்டிடா என்னும் மதுவத்தைப் போசணைத் திரவத்தில், உயிர்க்கலங்களின் தொகை ஒரு கணக்குக்கு வரும்படி கலக்குகிறார்கள். புளூகொனசோல் மருந்தானால், ஒரு மில்லிலீற்றருக்கு 64 மைக்கிரோகிராம் முதற்குழியில், அடுத்ததில் 32, பின்னர் 16, 8, 4 என்று பாதி பாதியாகக் குறைந்து பத்தாங் குழியில் 0.125. பதினோராவது குழியில் மருந்தில்லை; பங்கசு மட்டும். பன்னிரண்டாவதில் இரண்டுமில்லை, திரவம் மட்டும். 35 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தபின் பார்த்தால், மருந்து மிகுந்த குழிகள் தெளிவாகவும், குறைந்தவை கலங்கியும் இருக்கும். மருந்தில்லாக் குழியோடு ஒப்பிட, வளர்ச்சி பாதியாகவேனும் குறைந்த குழிகளுள் எதில் மருந்து மிகக் குறைவோ, அதிலுள்ள அளவே அப்பங்கசுக்குரிய தடுப்பளவு ஆகும்.

தோலைத் தாக்கும் பங்கசுகளோ மந்த கதியின. அவற்றை முதலில் வளர்த்தெடுக்கவே வாரங்கள் செல்லும். பின்னர்ப் பரிசோதனைக்கு மேலும் நான்கைந்து நாட்கள்.

கிடைத்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. தடுப்பளவு குறைவான பங்கசு தொற்றியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குணமடைகிறார்கள்; எதிர்த்து நிற்கும் பங்கசு தொற்றியவர்களிலும் அறுபது பேர் வரை தேறுகிறார்கள் என்று மருத்துவ அறிஞர் கணித்துள்ளனர். குழியிலே உடலின் எதிர்ப்புச் சக்தி இல்லையே! நீரிழிவு உள்ளவர் நிலை வேறு. திடகாத்திரமான இளைஞர் நிலை வேறு.

அவ்வாறாயின் இந்தப் பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். அண்டை நாடாகிய இந்தியாவிலே, பல்லாண்டுகளாகப் படர்தாமரையை இரண்டொரு வாரங்களில் அடக்கி வந்த ரேர்பினபின் மருந்துக்கு அடங்காத பங்கசு பரவியது. 2020இல் அதற்குத் திரைக்கோபைற்றன் இந்தோத்தினே என்று பெயரிட்டனர். எர்கொஸ்தரோலை ஆக்கும் நொதியம் ஒன்று சிறிதே உருமாறியதால் மருந்து அதிற் பற்றுவதில்லை. பங்கசு மருந்தோடு வீரியமான ஸ்ரெரோயிட்டையும் கலந்த களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றதும் வாங்கியதும் இந்நோய் பெருகத் துணைசெய்தன என்பது தோல் மருத்துவர் பலரின் கருத்து. அத்தகைய களிம்பு அரிப்பை அடக்கிவிடும்; பங்கசை உள்ளே வளரவிடும். அதனை மருந்தென்று சொல்லவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

தேயிலைத் தோட்டத்துக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயும் பங்கசினால் உண்டாவதே. அப்பங்கசு உயிருள்ள தேயிலையிலன்றி வளராது. ஆகவே அதனைத் தட்டிலிட்டுச் சோதித்தல் இயலாது. தெளிமருந்தைச் செடியிலேயே தெளித்துத்தான் பார்க்க வேண்டும். முன்பு செப்பு மருந்துகளே ஆண்டன. பின்னர் ஹெக்சகொனசோல் முதலிய அசோல் மருந்துகளும் வந்தன. மனிதருக்குக் கொடுக்கும் புளூகொனசோலும் இதே குடும்பத்தது. நெதர்லாந்திலே, வயல்களில் தெளிக்கும் அசோல்களுக்குப் பழகிய அஸ்பெர்கிலஸ் என்னும் பங்கசு, சுவாசப்பை நோயாளரிடம் மருந்தை எதிர்த்து நிற்பதை ஆய்வுகூடங்கள் கண்டறிந்தன. தட்டிலுள்ள குழிகள் காட்டிய பின்னரே இந்த உறவு வெளிப்பட்டது.

இத்தகைய பரிசோதனைகளுக்குக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் பங்கசியற் பிரிவு இருக்கின்றது. தோற்படைக்கு மாதிரி எடுக்கும்போது, படையின் நடுவிலன்றி, சிவந்து விரியும் ஓரத்திலே சுரண்டி, அந்தத் தோற்செதில்களை உலர்ந்த தாளில் மடித்து அனுப்புவர். ஈரமான குப்பியிலிட்டால் வேறு கிருமிகள் பெருகிவிடும். முன்தினம் வரை களிம்பு பூசியிருந்தால் பங்கசு வளராமற் போகக்கூடும். ஆதலின் எதைப் பூசினோம், எத்தனை நாள் பூசினோம் என்பதை மருத்துவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். களிம்பின் பெயர் நினைவில்லாதவர் அதன் வெறுங் குழாயைக் கையோடு கொண்டு செல்வது நலம்.