வீட்டருகே நிற்கும் கம் மரத்தை எப்பொழுது தறிக்கவேண்டும்?

மலைநாட்டிலே நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில், மரக்கறிச் செய்கை நடைபெறும் நிலங்களின் ஓரத்தில் யூக்கலிப்டஸ் எனப்படும் கம் மரங்கள் நிற்பதைக் காணலாம். அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரங்கள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் தேயிலைத் தோட்டங்களில் விறகுக்காகவும் காற்றுத் தடையாகவும் பெருமளவில் நடப்பட்டன. அன்று தோப்பாக இருந்த இடங்கள் சிலவற்றில் இன்று வீடுகள் உள. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் இம்மரங்களின் கீழ்க் குடியிருப்போர் உறக்கமின்றி இருப்பது வியப்பன்று.

ஆயினும், அச்சம் ஒன்றையே காரணமாகக் கொண்டு மரத்தைத் தறிப்பதும் தவறு. இத்தனை ஆண்டு நின்றது இனியும் நிற்கும் என்று வாளாவிருப்பதும் தவறு. மரம் காற்றில் ஆடுவது மட்டும் ஆபத்தின் அறிகுறியாகாது. பட்டை நீளநீளமாக உரிந்து தொங்குவதும் நோயன்று; பல கம் மர இனங்களுக்கு அஃது இயல்பு. நோக்கவேண்டிய இடம் அடிமரமும் அதைச் சூழ்ந்த நிலமுமே.

முதலில் மரம் விழுந்தால் எதன்மீது விழும் என்பதைக் கணக்கிடவேண்டும். சமதரையாயின் இது எளிது. கண்ணுக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரமளவு நீளமான கோலொன்றைக் கையில் நிமிர்த்திப் பிடித்துப் பின்னோக்கி நடக்க, கோலின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்தும் இடம் வரும். அவ்விடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரமே ஏறக்குறைய மரத்தின் உயரமாகும். அத்தூரத்துக்குள் வீடு, பாதை, மின்கம்பி எதுவும் இல்லையெனில் அவசரம் வேண்டியதில்லை.

சாய்ந்த மரங்களெல்லாம் ஒரு தன்மையன அல்ல. இளமையிலேயே சாய்ந்து, பின் நுனி மேல்நோக்கி வளைந்து வளர்ந்த மரம் அச்சாய்வுக்கேற்ப வேரூன்றியிருக்கும். தண்டு நேராகவே இருந்து முழு மரமும் புதிதாகச் சாயுமாயின், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருக்கின்றதா எனப் பார்க்கவேண்டும். இருப்பின் மரத்தைத் தாமதமின்றி அகற்றுதல் வேண்டும். அதுவரை சாய்வுப்புறத்து அறையில் எவரும் உறங்கலாகாது.

இத்தகைய சாய்வுக்குக் கமக்காரரே காரணமாவதும் உண்டு. கம் மரத்தின் வேர் லீக்ஸ், கோவாப் பாத்திகளின் நீரை உறிஞ்சுகின்றதென்று மரத்தை ஒட்டிக் கான் வெட்டுவர். வீட்டுக்கு நிலம் எடுக்க மண்மேட்டைச் செங்குத்தாகச் சீவுவர். இவ்வாறு தாங்கு வேர்கள் அறுபட்டபின்னும் மரம் பசுமையாகவே நிற்கும். அடுத்த பெருமழையில் மண் நனைந்து இளகும்போது பெயர்ந்து விழும். கான் அவசியமாயின் அடிமரக் குறுக்களவின் ஐந்து மடங்கு தூரத்துக்குள் வெட்டலாகாது. இன்னும் விலகி வெட்டுதல் நன்று.

விறகுக்காக ஒருமுறை தறிக்கப்பட்டு, அடிக்கட்டையிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளாகத் துளிர்த்து வளர்ந்த மரங்களைத் தனியே கவனிக்கவேண்டும். பழைய கட்டை உள்ளே உக்கிப்போக, பருத்த தண்டுகள் அதன் விளிம்பை மாத்திரம் பற்றி நிற்பதுண்டு. உயரத்தைக் குறைக்க நுனி வெட்டப்பட்ட மரத்தின் புதுக் கிளைகளும் இவ்வாறே பிடிப்புக் குறைந்தவை. நுனி வெட்டுவதால் ஆபத்து நீங்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

அடியில் காளான் முளைத்தாலும், சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி எழுந்தாலும் உள்ளே பொந்து இருக்கலாம். 24 அங்குலக் குறுக்களவுள்ள தண்டில் பொந்தைச் சுற்றி 4 அங்குலத்துக்குக் குறையாத உறுதியான மரம் எஞ்சியிருக்கவேண்டும். அதனிலும் குறையுமாயின், வீட்டருகே நிற்கும் மரத்தை அகற்றுவதே தக்கது. அயலிலுள்ள தோப்பு வெட்டப்பட்டபின் தனித்து விடப்பட்ட மரமும் ஐயத்திற்குரியது. அது முழுக் காற்றைத் தாங்கிப் பழகியதன்று.

தறிக்கும் வேலையைச் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட நாட்களில், தேர்ந்த மரவெட்டிகளைக்கொண்டு, மேலிருந்து துண்டு துண்டாகச் செய்வித்தல் வேண்டும். மின்கம்பி அருகே இருப்பின் மின்சார சபைக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். தறிப்பதற்கு அனுமதி வேண்டுமா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறிதல் நன்று. பிறர் காணியில் நிற்கும் மரமாயின் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, பயனில்லையேல் அவர் வாயிலாகப் பிரதேச செயலகத்தில் முறையிடலாம்.

வீட்டுக்கு மேலுள்ள செங்குத்தான சரிவிலே எல்லா மரங்களையும் ஒரே முறையில் தறிக்கலாகாது. வேர்கள் சில ஆண்டுகளில் உக்கியதும் மண்ணின் பிடிப்புத் தளரும். ஆபத்தானவற்றை மாத்திரம் அகற்றி, இடையிடையே வேறு மரக்கன்றுகளை நட்டு, அவை வேரூன்றியபின் எஞ்சியவற்றைத் தறிக்கலாம். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தலும் ஆகாது. அதில் துளிர்கள் முளைக்கும்போதெல்லாம், அவை விரல் பருமனாகுமுன் அடியோடு ஒடித்துவிடவேண்டும்.