சேதுபதியின் சுவரும் கைபேசித் திரையும்

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் படியேறி உள்ளே போனதும் முதலில் எதுவும் தெரியாது. வெளி வெயிலில் கூசிய கண்ணுக்கு அந்த அரையிருள் பழக ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். பிறகு ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து எழுந்து வருவார்கள். தஞ்சை மராத்தியரோடு மோதும் சேதுபதி மன்னரின் படை, யானைகள், குதிரைகள், அரசரைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள், தேவி ராஜராஜேஸ்வரியின் கையிலிருந்து செங்கோல் பெறும் சேதுபதி. தூண், வளைவு, விதானம் என்று கண் போகும் இடமெல்லாம் வண்ணம். மண்டபம் கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பியது. ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இப்படி ஓர் இடத்துக்கு வலைத்தளம் செய்யச் சொன்னால் வழக்கமாக என்ன நடக்கும்? முகப்பில் ஓடும் ஐந்தாறு படங்கள், திறக்கும் நேரம், கட்டணம், வழி காட்டும் வரைபடம். இவை வேண்டியவைதான். ஆனால் இந்தச் சுவர் நடந்து நடந்து வாசிக்க வேண்டிய சுவர். ராமாயணமும் பாகவதமும் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து மாட்டினால், தொடர்கதையின் நடுப்பக்கம் மட்டும் கையில் கிடைத்த மாதிரி. முழுச் சுவரும் வேண்டும். போர்வீரன் மீசையின் நுனியும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே கைபேசியில் எப்படித் தருவது?

இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 10 புள்ளி என்ற அளவில் படம்பிடித்தால் அகலத்தில் 40,000, உயரத்தில் 30,000, மொத்தம் 120 கோடிப் புள்ளிகள். அதை அப்படியே அனுப்பினால் பாம்பன் தாண்டிப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் கைபேசி திணறிவிடும். அதனால் படத்தை 256 புள்ளிச் சதுரங்களாக நறுக்கிவிடுகிறார்கள். நம் சுவருக்கு 18,526 சில்லுகள் வரும். பிறகு படத்தைப் பாதி அளவாகச் சுருக்கி மறுபடி நறுக்குவது, அதையும் பாதியாக்கி நறுக்குவது, கடைசியில் முழுச் சுவரும் ஒரே சில்லுக்குள் அடங்கும் வரை. கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போகக் குறுகுவதைப் போல. அடிநிலைக்கு மேலே உள்ள எல்லா நிலைகளையும் கூட்டினாலும் அடிநிலையின் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் இடம். பார்ப்பவர் விரலை விரித்துப் பெரிதாக்கும்போது, திரைக்குள் விழும் ஐம்பது அறுபது சில்லுகள் மட்டும் இறங்கி வரும். மற்றவை வழங்கிக் கணினியிலேயே கிடக்கும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 8,439 ஒளிப்படங்களாக எடுத்து ஒட்டி, 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022இல் வெளியிட்டது. எவரும் தம் கைபேசியில் அதன் வண்ணத்தின் வெடிப்பைப் பார்க்க முடிவது இந்த நறுக்கலால்தான்.

சில்லுகளை எந்த முகவரியில் கேட்பது, எந்த அளவில் கேட்பது என்பதற்கு ஒரு பொது ஒழுங்கு உண்டு. ட்ரிபிள் ஐ எஃப் என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் நூலகம், ஸ்டான்ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் 2011 வாக்கில் சேர்ந்து தொடங்கியது. இதனால் நமக்கு என்ன லாபம்? பிரிட்டிஷ் காலத்து நில அளவையாளர் காலின் மெக்கன்சி தென்னிந்தியாவெங்கும் சேகரித்தவற்றில் ஓவியங்களும் வரைபடங்களும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவர் திரட்டிய சுவடிகள் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. மூன்று இடமும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால், ராமநாதபுரத்துச் சுவரையும் லண்டன் தாளையும் சென்னைச் சுவடியையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எவரும் எதையும் எங்கும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

படம் பாதி வேலை. மீதிப் பாதி, பொருளைப் பற்றிய பதிவு. வலைத்தளத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். முகப்பின் வண்ணமும் எழுத்துருவும் ஐந்தாண்டில் பழசாகும். பெயர், பொருள், அளவு, கிடைத்த இடம், காலம், படம் எடுத்த தேதி என்று கட்டம் பிரித்து எழுதிய குறிப்பு, எத்தனை முறை தளத்தை மாற்றிக் கட்டினாலும் கூடவே வரும். டில்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் ஆகியவற்றின் பொருள்களை ஒரே இணையவாசலில் சேர்க்க உதவிய ‘ஜதன்’ மென்பொருளும் இதற்காகப் புணே சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான்.

பதிவு எழுத உட்கார்ந்தால் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வரும். அழகன்குளம் அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. அதைத் தேடுபவர் மாவட்டத்தின் பெயரை எப்படித் தட்டுவார்? ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு, முகவை. கோயில் ஊர் ராமேஸ்வரமா, இராமேசுவரமா, இராமேச்சுரமா? ஒன்றுதான் சரி என்று மற்றவற்றை வெட்டிவிட்டால் அந்தப் பெயரோடு வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். இடத்துக்கு ஓர் எண் கொடுத்து, வழங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் அந்த எண்ணோடு கட்டிவைப்பதே வழி. கடல் பொருள்களுக்கு இது இன்னும் அவசியம். பாடப்புத்தகம் கடற்பசு என்கிறது, பாக் நீரிணைக் கடலோரம் ஆவுளியா என்கிறது. மண்டபம் ஊர் மீனவர் பிள்ளை தன் வீட்டில் கேட்ட சொல்லைத் தட்டினால் படம் வர வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத சிக்கலும் ஒன்று இருக்கிறது. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்குவது பழைய வழி. 2005இல் யுனிகோடில் ‘ஶ’ சேர்ந்தபின் அதில் தொடங்குவது இன்னொரு வழி. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். கணினிக்கோ வேறு வேறு எண்கள். பட்டியலில் ஒரு விதமாகவும் தேடலில் மறு விதமாகவும் இருந்தால், பொருள் இருந்தும் இல்லை என்ற பதில் வரும். ‘கொ’ போன்ற எழுத்துக்கும் இரட்டைக் குறியீடு உண்டு. அதைச் சமன்படுத்தும் விதி யுனிகோடிலேயே இருக்கிறது. ஸ்ரீக்கு அப்படி இல்லை, தளம் கட்டுபவர்தான் தனியாக விதி எழுத வேண்டும். கோயிலும் அரண்மனையும் நிறைந்த ஒரு கடற்கரையில் இது சின்ன விஷயமே அல்ல.

படத்தைப் பார்க்க முடியாதவருக்காகப் படத்தின் பின்னே எழுதும் விவரணையும் இந்தப் பதிவின் பகுதிதான். திரைவாசிப்பான் அதை உரக்கப் படிக்கும். ‘சுவரோவியம் 14’ என்று எழுதிவைத்தால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. சேதுபதி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், வந்தவர் கையில் என்ன, தலையில் என்ன என்று நல்ல தமிழில் நாலு வரி எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் தெரியும், அந்த நாலு வரிக்காக நாம் அதுவரை பார்க்காததையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

பதிவு சுவரைக் காக்கவும் உதவும். கடலோரக் காற்றில் உப்பு உண்டு. ஈரத்தில் கரைந்து சுவருக்குள் புகும் உப்பு, காய்ந்ததும் படிகமாகிப் பருத்து, மேலிருக்கும் வண்ணப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வர, மணல் மணலாக உதிரும். படம் எடுத்த தேதி, நின்ற தூரம், பக்கத்தில் வைத்த வண்ண அளவட்டை இவையெல்லாம் பதிவில் இருந்தால், சில ஆண்டு கழித்து அதே இடத்தில் நின்று எடுத்த படத்தை முந்தையதன் மேல் பொருத்திப் பார்க்கலாம். எந்தக் குதிரையின் கடிவாளம் மங்கியது, எந்தக் கையின் விரல் உதிர்ந்தது என்று புள்ளிக்குப் புள்ளி தெரியும். பராமரிப்பவர் அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.