ஒரு 403 படுத்திய பாடு

வைவாவுக்கு முந்தின ராத்திரி, சீனியர்கள் விட்டுப்போன புராஜெக்ட்டை ஜாங்கோ 3.2-லிருந்து 4.2-க்கு மாற்றித் தொலைத்தேன். லேபில் லாகின் ஜோராக ஓடியது. சர்வரில் ஏற்றியதும் 403! இரண்டு மணி நேரம் கோடைப் புரட்டினேன். தப்பு அங்கே இல்லை.

2021 டிசம்பரில் வந்த 4.0 முதல், பிரவுசர் அனுப்பும் 'ஒரிஜின்' ஹெட்டரையும் ஜாங்கோ சரிபார்க்கிறது. பிரவுசர் சொன்னது எச்டிடிபிஎஸ். நடுவிலிருந்த பிராக்ஸி ஜாங்கோவிடம் தந்ததோ வெறும் எச்டிடிபி. பொருந்துமா?

"அந்தச் செக்கையே தூக்கிடுடா" என்றான் நண்பன். நல்லவேளை, கேட்கவில்லை. செட்டிங்ஸில் 'சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஒரிஜின்ஸ்' பட்டியலில் தளத்தின் பெயரை எழுதினேன். மறுபடி எர்ரர்! வெறும் பெயர் போதாதாம்; முன்னால் 'எச்டிடிபிஎஸ்://' வேண்டுமாம். சேர்த்தேன், லாகின் ஆனது.

இதெல்லாம் 4.0-இன் ரிலீஸ் நோட்ஸில் அப்படியே இருக்கிறது. நான்தான் விடிகாலை நாலு மணிக்குப் படித்தேன்.