கரியாலூருக்கு ஒரு பதம், கள்ளக்குறிச்சிக்கு ஒரு பதம்

வீட்டில் லிப் பாம் செய்யலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் பீட்ரூட்டோடுதான் வருகிறார்கள். முதலில் அந்தப் பீட்ரூட்டைப் பொரியலுக்கு அனுப்பிவிடலாம். அதன் சிவப்பு தண்ணீரில் கரைவது. லிப் பாமிலோ தண்ணீரே கிடையாது, மெழுகும் எண்ணெயும்தான். சாறு அதில் கலக்காமல் சொட்டுச் சொட்டாகத் திரண்டு அடியில் தங்கும். அந்த ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். தேனுக்கும் இதே கதிதான். உதட்டுக்கு நல்லது என்று ஊற்றுவார்கள், அது டப்பாவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் நிறத்துக்கு? நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம் பட்டை கேளுங்கள். கூந்தல் தைலத்துக்குச் சிவப்பு ஏற்ற வீடுகளில் காலங்காலமாகப் போடுகிற பட்டைதான். அதன் சாயம் எண்ணெயில் இறங்கும். பட்டையை ஒடித்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். கிண்ணத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், உதட்டில் லேசான சிவப்புதான் நிற்கும். குங்குமம், கோலப்பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. உதட்டில் பூசுவது வயிற்றுக்கும் போகும்.

அடுத்தது மெழுகு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர். மலையாளிப் பழங்குடி மக்கள் தேன் எடுக்கும் மலை இது. தேனைப் பிழிந்தபின் மிஞ்சும் அடையில்தான் நமக்கு வேண்டிய மெழுகு இருக்கிறது. அடையைத் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். அப்படியே ஆறவிட்டால் மஞ்சள் வில்லையாக இறுகும். வில்லையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்பாகக் கசடு ஒட்டியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மறுபடி ஒருமுறை உருக்கி வடிகட்டினால் போதும்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் கணக்கே. மார்கழிக் காலையில் கரியாலூரில் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும்; சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சியில் அதே எண்ணெய் தண்ணீராக ஓடும். ஆகவே கீழே இருப்பவர்கள் 10 கிராம் மெழுகுக்கு 30 கிராம் சிவப்பு எண்ணெய் எடுத்தால் சரி. மலையில் இருப்பவர்கள் 10 கிராமுக்கு 40 கிராம் எடுத்து, அதில் பாதியை விளக்கெண்ணெயாக வையுங்கள். அது குளிரில் எளிதில் உறையாது, பளபளப்பும் தரும். சுவாமிமலை ஸ்தபதிகள் வார்ப்புக்கு முன் சிலையை மெழுகில் வடிக்கும்போது, தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ப்பதும் இப்படிப் பதம் பார்க்கத்தான்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி, அதில் மெழுகை உருக்கி எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஆறியதும் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மெழுகு போதாது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தால் எண்ணெய் போதாது. சரியாக வந்ததும் ஈரமில்லாத டப்பாவில் ஊற்றுங்கள்.

உதட்டுத் தோல் மெல்லியது, எண்ணெய் சுரக்கும் வசதியும் அதற்கு இல்லை. அதனால்தான் சீக்கிரம் வெடிக்கிறது. மெழுகு அங்கே ஈரத்தை உண்டாக்காது, இருக்கிற ஈரம் போகாமல் மூடி வைக்கும். தண்ணீர் நீங்கள்தான் குடிக்க வேண்டும். முதலில் முழங்கை உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையென்றால் உதட்டுக்குக் கொண்டுபோங்கள். சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். இறுக்கமோ இளக்கமோ மட்டும்தான் குறை என்றால் கவலை வேண்டாம். டப்பாவோடு சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, குறைந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்.