அழுத்திச் சொல்லும் ஆங்கில வாக்கியங்கள்: சொல்லொழுங்கு மாற்றத்தை விளங்கிக்கொள்வோம்

க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் கட்டுரையோ கடிதமோ எழுதும்போது ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் வரும். "நேற்றுத்தான் வந்தேன்" என்று எழுத நினைக்கிறீர்கள். 'தான்' என்றதும் 'ஒன்லி' என்ற சொல் நினைவுக்கு வருகிறது. உடனே "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்று எழுதிவிடுகிறீர்கள். தமிழ் பேசும் எவருக்கும் இது விளங்கும். ஆயினும் பரீட்சையில் எதிர்பார்க்கப்படும் பொது ஆங்கிலத்தில் இது பிழையாகும்.

இப்பிழைக்குச் சொல்வளக் குறைவு காரணம் அன்று. தமிழ் அழுத்தத்தை 'ஏ', 'தான்', 'உம்' போன்ற இடைச்சொற்களால் காட்டுகிறது. ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் வாக்கிய அமைப்பினால் காட்டுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனதிற் கொண்டால் இப்பகுதி முழுவதும் இலகுவாகிவிடும்.

இங்கு ஆங்கில உதாரணங்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் இரு தடவை உரத்து வாசியுங்கள். பின்னர் உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். இலக்கணத்தோடு எழுத்துக்கூட்டலும் பழகும்.

1. தமிழிலிருந்து தொடங்குவோம்

ஏகார இடைச்சொல்லுக்கு நன்னூல் ஆறு பொருள்கள் கூறுவதை நீங்கள் தமிழ்ப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அவற்றுள் இரண்டு இங்கு நமக்கு உதவும்.

தேற்றம்: "இது உண்மையே." ஐயத்தை நீக்கி உறுதி கூறுகிறது.
பிரிநிலை: "இவர்களுள் மாலாவே பாடினாள்." பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறது.

இவற்றோடு 'உம்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒருவரும் வரவில்லை", "ஒருபோதும் பொய் சொல்லவில்லை" ஆகியவற்றில் 'உம்' எதிர்மறையை முழுமையாக்குகிறது.

தமிழில் சொற்களை இடம் மாற்றுவதும் எளிது. "நாய் மனிதனைக் கடித்தது" என்பதை "மனிதனைக் கடித்தது நாய்" என மாற்றினாலும் கடித்தது எது என்பதில் குழப்பமில்லை. 'ஐ' உருபு செயப்படுபொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் "த டோக் பிட் த மேன்" என்பதை "த மேன் பிட் த டோக்" என மாற்றினால் மனிதன் நாயைக் கடித்ததாகிவிடும். அங்கு எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதை இடமே தீர்மானிக்கிறது. எனவேதான் ஆங்கிலத்தில் சொல்லொழுங்கை மாற்றினால் அது உடனே கவனத்தை ஈர்க்கிறது. அவ்வாறு மாற்றுவதற்குத் திட்டமான விதிகளும் உள்ளன.

2. தேற்றப் பொருள்: டூ, டஸ், டிட்

"ஷீ கேம்" - அவள் வந்தாள்.
"ஷீ டிட் கம்" - அவள் வந்தாள்தான்.

அவள் வரவில்லை என ஒருவர் கூறும்போது, அல்லது ஐயப்படும்போது, மறுத்து உறுதியாகச் சொல்ல இரண்டாவது வாக்கியம் பயன்படும். நிகழ்காலத்தில் "ஐ டூ லைக் மெத்ஸ்", "ஹி டஸ் வேர்க் ஹார்ட்" என வரும்.

கவனிக்க: காலத்தைத் துணைவினை ஏற்றுக்கொள்வதால் முதன்மை வினை மூல வடிவில் நிற்க வேண்டும். "ஷீ டிட் கேம்" பிழை. "ஹி டஸ் வேர்க்ஸ்" என்பதும் பிழை. 'எஸ்' எழுத்து ஏற்கனவே 'டஸ்' என்பதற்குள் சென்றுவிட்டது.

3. பிரிநிலைப் பொருள்: இட் வோஸ் … ஹூ, தட்

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்றார். சாதாரண வாக்கியம் இது:

"அரவிந்த டி சில்வா ஸ்கோர்ட் 107 இன் த ஃபைனல்."

ஆளைப் பிரித்துக் காட்ட:
"இட் வோஸ் அரவிந்த டி சில்வா ஹூ ஸ்கோர்ட் 107 இன் த ஃபைனல்." - அரவிந்த டி சில்வாவே பெற்றார், வேறொருவர் அல்லர்.

போட்டியைப் பிரித்துக் காட்ட:
"இட் வோஸ் இன் த ஃபைனல் தட் அரவிந்த டி சில்வா ஸ்கோர்ட் 107." - இறுதிப் போட்டியிலேயே பெற்றார், வேறொன்றில் அன்று.

தமிழில் 'ஏ' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ, ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'இட் வோஸ்' என்பதற்கு அடுத்து வரும். இப்போது "நேற்றுத்தான் வந்தேன்" என்பதைத் திருத்துவோம்: "இட் வோஸ் ஒன்லி யெஸ்டர்டே தட் ஐ கேம்." இவ்வளவு அழுத்தம் தேவையில்லையெனில் "ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே" என்பதே போதும்.

கவனிக்க: அடுத்து வருவது பன்மையாயினும் 'இட் வோஸ்' மாறாது. "இட் வோஸ் மை பேரன்ட்ஸ் ஹூ ஹெல்ப்ட் மீ" என்பதே சரி.

4. எதிர்மறையை அழுத்துதல்: எழுவாயும் துணைவினையும் இடம் மாறுதல்

பின்வரும் இரு வாக்கியங்களை ஒப்பிடுங்கள்.

"ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ கிரவுட்." - இத்தகைய கூட்டத்தை நான் கண்டதில்லை.
"நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ கிரவுட்." - இத்தகைய கூட்டத்தை நான் ஒருபோதும் கண்டதேயில்லை.

இரண்டாவதில் 'நெவர்' முன்னுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் 'ஐ ஹேவ்' என்பது 'ஹேவ் ஐ' ஆகிவிட்டது. இந்த ஒழுங்கு உங்களுக்குப் புதியதன்று. "ஹேவ் யூ சீன் இட்?" என்று வினவும்போது நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒழுங்கே இது. வினா வாக்கியம் அமைக்கத் தெரிந்தவருக்கு இந்த அமைப்பும் தெரியும்.

மூன்று படிகளில் செய்க:

படி 1: எதிர்மறைச் சொல்லை வாக்கியத்தின் முதலில் வைக்க.
படி 2: துணைவினையை எழுவாய்க்கு முன் கொண்டுவருக.
படி 3: துணைவினை இல்லையெனில் டூ, டஸ், டிட் ஆகியவற்றுள் பொருத்தமானதைச் சேர்த்து, முதன்மை வினையை மூல வடிவுக்கு மாற்றுக.

உதாரணமாக, "ஹி நெவர் கம்ப்ளெயின்ட்" என்பதில் துணைவினை இல்லை. எனவே "நெவர் டிட் ஹி கம்ப்ளெயின்" என அமையும். இறுதியில் முற்றுப்புள்ளியே வரும், வினாக்குறி வராது.

முத்தையா முரளிதரன் 2010 யூலையில் காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அதற்கு முன் எவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இதனை "நெவர் பிஃபோர் ஹேட் எ போலர் டேக்கன் 800 டெஸ்ட் விக்கெட்ஸ்" என எழுதலாம். 'ஹேட்' என்பது 'எ போலர்' என்ற எழுவாய்க்கு முன் நிற்பதை அவதானியுங்கள்.

இவ்வாறு இடம் மாறுவது ஏன்? பழைய ஆங்கிலத்தில் காலத்தையோ இடத்தையோ குறிக்கும் சொல் முதலில் வந்தால், வினை இரண்டாம் இடத்துக்கு வருவது பெருவழக்காக இருந்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜேர்மனில் இவ்வழக்கு இன்றும் உண்டு. ஆங்கிலம் காலப்போக்கில் இதனைப் பெரும்பாலும் கைவிட்டது. எதிர்மறைச் சொற்களின் பின் மட்டும் அது உறுதியாக எஞ்சி நிற்கிறது.

5. முன்னுக்கு வரும் முக்கிய சொற்கள்

அ. நெவர், ரெயர்லி, செல்டம்: "செல்டம் டஸ் ஷீ கம் லேட்." - அவள் பிந்தி வருவது மிக அரிது. ரெயர்லி, செல்டம் ஆகியன வடிவில் எதிர்மறை அல்ல. பொருளில் எதிர்மறையை ஒட்டியவை.

ஆ. நோ சூனர் … தேன்: "நோ சூனர் ஹேட் வீ சேட் டவுன் தேன் த பெல் ராங்." - நாம் அமர்ந்ததுதான் தாமதம், மணி அடித்தது. இதே பொருளில் 'ஹார்ட்லி' வந்தால் அதற்குத் துணை 'வென்' ஆகும். இவ்விரு சோடிகளையும் கலக்க வேண்டாம். 'தேன்' என்பதை 'தென்' என எழுத்துக்கூட்டி விடவும் வேண்டாம்.

இ. நொட் ஒன்லி … பட் ஓல்சோ: "நொட் ஒன்லி டிட் ஹி சிங், பட் ஹி ஓல்சோ டான்ஸ்ட்." இடமாற்றம் முதற் பகுதியில் மட்டும் நிகழும்.

ஈ. நொட் அன்டில்: 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவையை இழந்த யாழ்தேவி புகையிரதம் 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் அங்கு சென்றடைந்தது. "நொட் அன்டில் 2014 டிட் த யாழ்தேவி ரிட்டேர்ன் டு ஜாஃப்னா." 'அன்டில்' என்பதன் பின் ஒரு முழு வாக்கியம் வந்தால் இடமாற்றம் அதில் நிகழாது, அடுத்த பகுதியிலேயே நிகழும்: "நொட் அன்டில் த ரெயின் ஸ்டொப்ட் டிட் வீ கோ ஹோம்."

உ. ஒன்லி தென், ஒன்லி ஆஃப்டர்: "ஒன்லி ஆஃப்டர் த எக்ஸாம் டிட் ஐ ஸ்லீப் வெல்." - பரீட்சைக்குப் பின்னரே நன்றாக உறங்கினேன்.

கவனிக்க: எதிர்மறைச் சொல்லோ 'ஒன்லி' என்பதோ எழுவாயோடு சேர்ந்தே வந்தால் இடமாற்றம் இல்லை. "நோபடி கேம்", "ஒன்லி மாலா நியூ த ஆன்சர்" என்பனவே சரி.

6. புள்ளி இழக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, இரட்டை எதிர்மறை. தமிழில் 'ஒருபோதும்' என்பதோடு 'இல்லை' என்பதும் வேண்டும். ஆங்கில 'நெவர்' தானே எதிர்மறை. எனவே "நெவர் ஹேவ் ஐ நொட் சீன் இட்" என எழுதினால், "நான் அதைக் காணாதிருந்ததே இல்லை" என்ற நேர் எதிரான பொருள் வந்துவிடும்.

இரண்டாவது, வாசித்து விளங்கும் பகுதி. "நெவர் டிட் ஹி கம்ப்ளெயின்" என்ற வரியில் 'டிட் ஹி' என்பதைக் கண்டதும் அதனை வினாவாகக் கருதிவிடக் கூடாது. முதற் சொல்லையும் இறுதிக் குறியையும் பாருங்கள். அவன் ஒருபோதும் முறையிடவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது, அளவுக்கு மீறிப் பயன்படுத்துதல். எல்லா வாக்கியங்களையும் அழுத்தினால் எதுவும் அழுத்தமாகத் தோன்றாது. எதிர்மறை இடமாற்றம் கட்டுரைக்கும் பேச்சுப் போட்டிக்கும் உரிய உயர்நடை. ஒரு கட்டுரையில், மிக முக்கியமான கருத்துக்கு ஒரு தடவை போதும். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் 'டிட்', 'இட் வோஸ்' அமைப்புகளே இயல்பாக இருக்கும்.

7. பயிற்சி

விடைகளை மறைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

1. "மை பிரதர் மென்டட் த பைசிக்கிள்." தம்பியே திருத்தினான் என்ற பொருள் தருக.
2. "த பஸ் கேம்." வந்ததுதான் என உறுதிப்படுத்துக.
3. "ஐ ஹேவ் செல்டம் ஈட்டன் சச் ஸ்வீட் மேங்கோஸ்." 'செல்டம்' என்பதை முதலில் வைத்து எழுதுக.
4. "நெவர் ஷீ டோல்ட் எ லை." பிழை திருத்துக.
5. "ரெயர்லி டஸ் ஹி கம்ஸ் லேட்." பிழை திருத்துக.
6. "நோ சூனர் ஹேட் ஐ ஸ்லெப்ட் வென் த ஃபோன் ராங்." பிழை திருத்துக.

விடைகள்

1. "இட் வோஸ் மை பிரதர் ஹூ மென்டட் த பைசிக்கிள்."
2. "த பஸ் டிட் கம்."
3. "செல்டம் ஹேவ் ஐ ஈட்டன் சச் ஸ்வீட் மேங்கோஸ்."
4. "நெவர் டிட் ஷீ டெல் எ லை." துணைவினை இல்லாததால் 'டிட்' சேர்ந்தது, 'டோல்ட்' மூல வடிவுக்குத் திரும்பியது.
5. "ரெயர்லி டஸ் ஹி கம் லேட்."
6. 'வென்' என்பதற்குப் பதிலாக 'தேன்' வர வேண்டும்.

4ஆம், 5ஆம் வினாக்களில் பிழைவிட்டிருந்தால் படி 3ஐ மீண்டும் வாசியுங்கள். ஆறும் சரியெனில், நீங்கள் அண்மையில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எடுங்கள். அதில் மிக முக்கியமான வாக்கியம் எது எனத் தெரிவு செய்து, அதனை மட்டும் இப்பகுதியில் கற்ற ஓர் அமைப்பில் மாற்றி எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.